கசப்பு டாக்டர் விட்டுச் சென்ற வேலிக்கொடி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் இயக்குநர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே! சர்க்கரை நோய்ப் பிரிவை நடத்துவது டாக்டர்களா தானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தலைமைச் செவிலியரே! துணைவியாரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேக்கரிக்காரரே! அவருக்குப் பக்கத்தில், தங்கையை இழந்து தலையைக் குனிந்தபடி அமர்ந்திருக்கும் அண்ணனே! மாத்திரைப் பையும் கையுமாகப் பிரிவின் பெஞ்சுகளிலிருந்து எழுந்து நேராக இந்த மண்டபத்துக்கு வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிற நோயாளிப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வடிகட்டியோடும் தராசோடும் காலம் தள்ளுகிற வேதியியல்காரன். நம்மை விட்டுப் போன டாக்டரம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பெயர் சொல்ல மாட்டார். "வேதியியல், இங்க வாங்க!" அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு எழுந்து ஓடியே பழகிப்போன கால்கள் இவை. இன்று அந்தக் குரல் இல்லாமல் இந்த மேடை வரைக்கும் நடந்து வர இந்தக் கால்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டங்களை அடுக்கியிருக்கிறார்கள். பேராசிரியர், முதுநிலை மருத்துவர், மூலிகை ஆய்வுப் பிரிவின் தலைவர். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஊர் ஜனங்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் எது? கசப்பு டாக்டர்! அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்? பாகற்காயிலிருந்து பெயர் தெரியாத காட்டு வேர் வரைக்கும் எந்த நோயாளி எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்த மருத்துவர் அவர். கேட்கிறவர்களுக்குக் கசந்தாலும் உள்ளதை உள்ளபடி சொன்னவரும் அவர்தான். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று என்னைக் கேட்டால், இரண்டாலும் என்பேன்.

அன்பர்களே, அந்தக் காலத்தில் சர்க்கரைப் பிரிவு எப்படி இருந்தது என்று உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மூலிகை என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால் போதும், "அப்ப அந்த இலையையே தின்னுட்டு இரு, இங்க எதுக்கு வந்தே?" என்று டாக்டர்கள் பாய்வார்கள். அதனால் நோயாளிகள் என்ன செய்தார்கள்? சாப்பிடுவதை விட்டார்களா? சொல்வதை விட்டார்கள்! வீட்டில் கஷாயம் கொதிக்கும். டாக்டர் முன்னால் வாய் பூட்டிக்கொள்ளும். இவர் மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "மாத்திரையைத் தவிர வேற என்ன சாப்பிடறீங்க?" பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா."

ஒருநாள் ஒரு வெல்டர் வந்தார். அதோ, மூன்றாம் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். அதே கேள்வி. மனிதர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"திட்டமாட்டீங்கன்னா சொல்றேன்."

"திட்டமாட்டேன். ஆனா எனக்கும் ருசி பார்க்கக் குடுக்கணும்."

வெல்டர் சட்டைப் பையிலிருந்து வாடிப்போன இலைகள் சிலவற்றை எடுத்து மேசை மேல் வைத்தார். அவர் பட்டறைக்குப் பின்னால் வேலியில் படர்ந்து கிடக்கிற கொடி. பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்லி, காலையில் அதை மென்று வந்திருக்கிறார். அம்மையார் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வெல்டர் பயந்துபோய்த் தண்ணீர் தேடினாராம். தண்ணீர் குடித்து முடித்ததும் அம்மையார் சொன்ன முதல் வார்த்தை: "நீங்க வெல்டிங் பண்ணும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடறீங்க. இதைத் திங்கும்போது நாக்குக்கு என்ன போடறீங்க?"

அன்று மதியமே அவர் அந்தப் பட்டறைக்குப் போய்விட்டார். கூட நானும் போனேன். தீப்பொறி பறக்கிற இடத்தைத் தாண்டி, துருப்பிடித்த இரும்புத் தகடுகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலியோரம் குனிந்து நின்ற அந்த உருவம் என் கண்ணில் அப்படியே இருக்கிறது. தாவரவியல்காரர்கள் அந்தக் கொடிக்கு நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது அன்றிலிருந்து வேலிக்கொடி.

செடியில் மருந்து இருக்குமா என்று சிரித்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இவர் சொல்லுவார்: "நீங்க தினமும் எழுதிக் குடுக்கிற சர்க்கரை மாத்திரையோட பரம்பரையைத் தேடிப் போங்க. ஒரு வயல் செடியில போய் நிப்பீங்க." சிரித்தவர்கள் வாயை மூடுவார்கள். செடி என்றாலே அமிர்தம் என்று நம்பி வருகிறவர்களிடம் அதே கதையின் மறுபாதியைச் சொல்லுவார்: "அந்தச் செடியை மேய்ஞ்ச ஆடுங்க செத்தும் போயிருக்கு. இயற்கைன்னா நல்லதுன்னு யாரு சொன்னது? அரளியும் இயற்கைதான்." நம்புகிறவர்களும் அவரை முறைத்தார்கள், நம்பாதவர்களும் அவரை முறைத்தார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் போலத்தான் அவர் காலம் போயிற்று. ஆனால் அந்த மத்தளம் ஒருநாளாவது சுருதி மாறியதா?

ஆய்வு தொடங்கியது. ஒரு வேலியில் பறித்த இலை எலிகளின் சர்க்கரையைக் குறைத்தது. அடுத்த தெரு வேலியில் பறித்தது ஒன்றுமே செய்யவில்லை. வெயிலில் உலர்த்தினால் ஒரு மாதிரி, நிழலில் உலர்த்தினால் வேறு மாதிரி. பூப்பதற்கு முன் பறித்தால் சரக்கு உண்டு, பூத்தபின் பறித்தால் வெறும் சக்கை. இதையெல்லாம் பிரித்தறியவே எங்களுக்கு வருடங்கள் ஓடின. ஈரலைக் கெடுக்கிறதா, சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் காலம். அவசரப்பட்டது யார்? நான்! எலிகளின் சர்க்கரை இறங்கிய அன்று எனக்கு ரத்தக் கொதிப்பே ஏறிவிட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேதியியல், எலிக்குச் சர்க்கரை குணமான கணக்குல மனுஷனுக்கும் குணமாகியிருந்தா, நான் எப்பவோ இந்தப் பிரிவை இழுத்துப் பூட்டிட்டு எங்க வீட்டுக்காரர் பேக்கரியில கல்லாவுல உக்காந்திருப்பேன்."

பேக்கரி என்றதும் நினைவு வருகிறது. சர்க்கரை நோய் டாக்டருக்குப் பேக்கரிக்காரர் கணவர்! இதை வைத்து இந்த ஊர் செய்த கேலி கொஞ்சமா? "அவரு உண்டாக்கி அனுப்புறாரு, அம்மா வைத்தியம் பாக்குறாங்க, குடும்பத் தொழில்" என்று பேசாத வாய் உண்டா? மன்னிக்க வேண்டும் ஐயா. நீங்களே சிரித்துக்கொண்டு இதை எங்களிடம் சொன்னவர்தான்.

பிறகு மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைத்தது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இலைப்பொடி அடைத்த கேப்சூல் மாத்திரை; மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பு ஏற்றிய, மருந்தில்லாத வெறும் கேப்சூல். யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. எல்லோரும் தங்கள் வழக்கமான மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். இதை நோயாளிகளுக்குப் புரியவைக்க அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"எனக்கு எதைக் குடுத்திருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாதா டாக்டரம்மா?"

"தெரியாது."

"தெரியாமயேவா மருந்து குடுக்கறீங்க?"

"எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். உங்களுக்கும் தெரிஞ்சிரும். அப்புறம் குறைஞ்சது சர்க்கரையா, உங்க கவலையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தச் சோதனை வந்தது. நாங்கள் நடத்திய சோதனை இல்லை, அவரையே உரசிப் பார்த்த சோதனை. இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "சொல்லுங்க. மறைச்சா அவளுக்குப் பிடிக்காது" என்றார். அதனால் சொல்கிறேன்.

எலிகளைப் பற்றிய செய்தி ஒரு பத்திரிகையில் வந்தது. எலி என்ற சொல்லைத் தேடினால்தான் கிடைக்கும். தலைப்பில் இருந்தது என்னவோ சர்க்கரைக்கு முடிவு கட்டும் கொடி! கடைத்தெருவில் அண்ணன் ஒரு நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். அப்பா இறந்தபோது, தங்கை படிக்க வேண்டும் என்று தன் படிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கடையில் உட்கார்ந்தவர் அவர். அந்தக் கடை வருமானத்தில்தான் தங்கை படித்தார், வளர்ந்தார், டாக்டரானார். செய்தி வந்த கையோடு அந்தக் கடையில் வேலிக்கொடிப் பொடி விற்பனைக்கு வந்தது. பாக்கெட் மேல் தங்கையின் படம்.

"படத்தை எடுத்துடு அண்ணா. ஆராய்ச்சி இன்னும் முடியலை."

"அச்சடிச்ச பாக்கெட் தீரட்டும் தங்கச்சி. அடுத்த தடவை எடுத்துடறேன்."

பொடி பறந்தது. பறந்ததற்குக் காரணமும் இருந்தது: அது வேலை செய்தது! சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. டாக்டர்களே வந்து கைகொடுத்தார்கள். "உங்க கொடி ஜெயிச்சிருச்சு மேடம்!" என்றார்கள். அன்பர்களே, ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரு செடியின் பின்னால் அலைந்தவருக்கு, ஊரே வந்து நீ வென்றுவிட்டாய் என்று சொன்னால் எப்படி இருக்கும்? நம்பத்தானே மனசு துடிக்கும்? நம்மில் யார் நம்பாமல் இருந்திருப்போம்?

அவர் நம்பவில்லை! "இந்த இலைக்கு அவ்வளவு வேகம் கிடையாது வேதியியல். நான் கூடவே இருந்து பார்த்தவ. இது என்னமோ சரியில்லை" என்றார்.

ஒரு காலை நேரம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண்மணி ஒருவர், வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், கிளப்புவதற்குள் வியர்த்து நடுங்கி ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். டயர் பார்க்க வந்த மெக்கானிக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. குளுகோஸ் ஏற்றினோம், கண் திறந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினோம், மறுபடி இறங்கியது. அவர் கைப்பையில் அந்தப் பொடி இருந்தது. படுக்கையருகே நின்ற நம் அம்மையாரைப் பார்த்து அந்தப் பெண்மணி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"உங்க படம் போட்டிருந்துச்சு டாக்டரம்மா. அதனாலதான் தைரியமா சாப்பிட்டேன்."

 அம்மையார் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். மேசையில் வைத்தார். "இதுல இலை இருக்கும். இலையைத் தவிர என்ன இருக்குன்னு சொல்லுங்க."

சோதித்தேன். இலை இருந்தது. இலைக்குள்ளே, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத ஒரு சர்க்கரை மாத்திரை அரைத்துக் கலக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கு மேல் இதையும் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஸ்டியரிங் மேல் சாய்ந்துதான் கிடப்பார்கள்!

போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "இன்னொரு தடவை பாருங்க. என் அண்ணன் கடை. தப்பாப் போயிடக் கூடாது." இன்னொரு தடவை பார்த்தேன். வேறு பாக்கெட் வாங்கிவரச் செய்து அதையும் பார்த்தேன். மாற்றமில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "சரி. வாங்க, போவோம்."

கடையில் கூட்டம். அண்ணன் முகமெல்லாம் பல்லாக எழுந்தார். "வா தங்கச்சி! பாரு, எல்லாரும் உன் மருந்து வாங்கத்தான் நிக்கிறாங்க!"

"அண்ணா, இதுல மாத்திரை கலந்திருக்கு."

 அண்ணன் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். 

"நான் கலக்கலை. மொத்த வியாபாரி குடுத்தான், வாங்கி வித்தேன். நம்ம அப்பா மேல சத்தியமா எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியும்னு நான் சொல்லவே இல்லையே. நிறுத்துறியா, இல்லையா?"

"ஜனங்களுக்குக் குணமாகுது தங்கச்சி! வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க!"

"ஒரு அம்மா பஸ்ஸுல மயங்கிக் கிடந்தாங்க. வண்டி ஓடிக்கிட்டு இருந்திருந்தா? உள்ள குழந்தைங்க இருந்திருந்தா?"

அண்ணனுக்குக் கோபம் வந்தது. நியாயம்தானே? இத்தனை பேர் முன்னால் தலைகுனிய நேர்ந்தால் யாருக்குத்தான் வராது? "நீ படிச்ச படிப்பு இந்தக் கடை போட்ட சோறு. மறந்துட்டியா?"

"மறக்கலை அண்ணா. மறக்காததாலதான் முதல்ல உங்கிட்ட வந்தேன். மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்கு நாளைக்கு எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி நீயே இறக்கி வெச்சுடு."

அண்ணன் இறக்கி வைக்கவில்லை. தங்கை எழுதினார். கடைக்குச் சீல் விழுந்தது. மொத்த வியாபாரி ஊரை விட்டே ஓடிப் பிறகு அகப்பட்டான். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது அடுத்து நடந்ததை. சீல் வைத்த கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ரத்தச் சர்க்கரை பார்க்கிற கருவியோடு உட்கார்ந்தார் அவர். பக்கத்தில் தலைமைச் செவிலியர். பொடி வாங்க வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தினார். "அந்தப் பொடியை விட்டுடுங்க. உங்க மாத்திரையை மட்டும் விடாதீங்க. கையை நீட்டுங்க, சர்க்கரை பாத்துட்டுப் போங்க."

நன்றி சொன்னவர்கள் சிலர். திட்டியவர்கள் எத்தனை பேர்! "கூடப் பிறந்தவன் வாயில மண்ணைப் போட்டவ!" என்றார்கள். "மருந்து கம்பெனிக்காரன்கிட்ட விலை போயிட்டா" என்றார்கள். வியர்வை வழிய அவர் கருவியின் ஊசியை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒருவர் முகத்துக்கு நேரே, "கூடப் பிறந்த பாசம்கூட இல்லியா உனக்கு?" என்று கேட்டார். தலைமைச் செவிலியர் எழுந்துவிட்டார். அம்மையார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அந்த மனிதரிடம் சொன்னார்: "இருக்கு. நீங்க கையை நீட்டுங்க." அவருடைய சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. திட்டியவரை அணைத்துக் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அண்ணன் வீட்டுக் கதவு அவருக்கு அடைபட்டது. உறவுக்காரர்கள் விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை விட்டார்கள். இந்தப் பக்கம் நம் நிறுவனத்திலோ வேறு இடி. வேலிக்கொடி என்ற பெயரே கெட்டுவிட்டது, ஆய்வை இத்தோடு நிறுத்திவிடலாம் என்றார்கள். குழு கூடிய அறையில் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசி முடித்தபின் அவர் எழுந்தார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"கலந்தது மனுஷன். தண்டனை செடிக்கா? நிறுத்தினா, பொடி வித்தவன் சொன்னதும் நிரூபிக்கப்படாது, நாம சொல்றதும் நிரூபிக்கப்படாது. ஊர்ல வதந்தி மட்டும்தான் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு தடவை அடைக்கிற மாத்திரையையும் வெளி ஆய்வுக்கூடத்துல சோதிங்க. என்னையும் சோதிங்க. ஆனா கேள்வியை மட்டும் பாதியில விட்டுடாதீங்க."

ஆய்வில் சேர்ந்திருந்த நோயாளிகளை எல்லாம் இந்த மண்டபத்துக்கு வரவழைத்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். விலக விரும்புகிறவர்கள் தாராளமாக விலகலாம், சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்றார். யாரும் அசையவில்லை. பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. முதலில் எழுந்தவர் யார்? நம் வெல்டர்! அவர் நேராக வாசலைப் பார்த்து நடந்தார். அம்மையாரின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். கொடியைக் காட்டியவரே போகிறாரே! வாசலில் நின்று அவர் திரும்பினார். "டீ குடிச்சிட்டு வந்துடறேன். அதுக்குள்ள என் பேரை அடிச்சிடாதீங்க!" மண்டபமே வெடித்துச் சிரித்தது. சிலர் விலகத்தான் செய்தார்கள். பெரும்பாலானவர்கள் தங்கினார்கள். பஸ் ஓட்டிய அந்தப் பெண்மணி பிற்பாடு தேறி வந்து, "என்னையும் சேர்த்துக்குங்க. படம் மட்டும் எதுலயும் போட்டுடாதீங்க" என்று சொன்னபோது நம் கசப்பு டாக்டர் வாய்விட்டு அழுதார்.

முடிவு வந்தது. எப்பேர்ப்பட்ட எதிர்பார்ப்பு! பத்திரிகைக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், ஊர் ஜனங்கள் என்று இதே மண்டபம் நிரம்பி வழிந்தது. அவர் இதே ஒலிபெருக்கி முன்னால் நின்று சொன்னார்: வேலிக்கொடி சர்க்கரையைக் குறைக்கிறது, கொஞ்சமாகக் குறைக்கிறது. நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் பயன் தெரிகிறது. முற்றிய நோய்க்கு அது பயன்படவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இதை நம்பி ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு வயிற்றையும் கலக்கியது.

கூட்டத்தின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு பத்திரிகைக்காரர் எழுந்து, "இவ்வளவுதானா மேடம்?" என்று கேட்டேவிட்டார்.

"இவ்வளவுதான். இதைப் பெரிசாக்கிப் பொய் சொல்றவளா இருந்தா, கூடப் பிறந்தவனை ஏன் பகைச்சிருப்பேன்?"

கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் அந்தக் கூடப் பிறந்தவரும் நின்றிருந்தார் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அதற்கடுத்த பருவத்தில் ஒருநாள், ஆய்வுக்கூட வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். தோளில் ஒரு சாக்கு. தங்கை உள்ளறையில் எடை போட்டுக்கொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தும் அந்தப் பக்கம் பார்க்காமல் என்னிடம் வந்தார். "வேலிக்கொடி. நானே நட்டு வளர்த்தது. ஒரே மண்ணு, ஒரே தண்ணி. பூக்கிறதுக்கு முன்னாடி பறிச்சு நிழல்ல காய வெச்சது. சோதிச்சுப் பாருங்க. இலையைத் தவிர ஒரு தூசி இருந்தாலும் என் மூஞ்சியில எறிங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வேதியியல், சோதிக்காம நாம எதையும் வாங்கறதில்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சோதிக்கத்தான் கொண்டு வந்தேன்னு அவகிட்ட சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரனாக நின்றேன். இரண்டு பேரும் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்கள்.  பிறகு தராசின் மூடியைச் சாத்தும் ஒலி கேட்டது. அவர் வெளியே வந்தார். அண்ணனின் தோளிலிருந்த சாக்கை இறக்க ஒரு கை கொடுத்தார்.

"சாப்பிட்டியா அண்ணா?"

அவ்வளவுதான் கேட்டார். அண்ணன் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் நான் அங்கே இருக்கவில்லை. எனக்கு வெளியே ஏதோ வேலை இருந்தது.

அந்த இலை சுத்தமாக இருந்தது. அதற்குப் பின் வந்த ஒரு சாக்கில் பூஞ்சை இருந்தது. திருப்பி அனுப்பினார். அண்ணனென்று பார்க்கவில்லை. அண்ணனும் முகம் சுளிக்கவில்லை. முழுச் சரக்கையும் கொளுத்திவிட்டு மறுபடி நட்டார். இன்று நம் ஆய்வுக்கு வருகிற இலை முழுவதும் அந்த மண்ணில் விளைவதுதான்.

பெருமக்களே, அவருக்கு வந்த நோய்க்கு நம்மிடம் இலையும் இல்லை, மாத்திரையும் இல்லை. அது அவருக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மருத்துவமனைப் படுக்கைக்கு உறவினர் ஒருவர் ஏதோ வேர் கொண்டுவந்து, உயிரைக் காக்கும் என்றார். நாங்கள் பல்லைக் கடித்தோம். அவர் கோபப்படவில்லை. எங்கே கிடைத்தது, எப்படிக் கொடுப்பது என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். நுனியை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "என் கொடி அளவுக்குக் கசக்கலை" என்றார்!

பேக்கரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், நான் அம்மையாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தப்போகிற பெரிய ஆய்வுக்கு அப்போதுதான் அனுமதி வந்திருந்தது. முதலில் கிடைத்த அந்தக் கொஞ்சப் பயனும் உண்மைதானா, தற்செயலா என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் பார்க்கப்போகிற ஆய்வு. என் மனசிலிருந்த பயத்தை நான் அவரிடம் மறைக்கவில்லை.

"பெரிய ஆய்வுல கொடி தோத்துட்டா, அம்மா?"

"தோத்ததை எழுதுங்க."

"இத்தனை வருஷ உழைப்பு..."

"வேதியியல், ஜெயிச்சா எவ்வளவு பெரிய எழுத்துல எழுதுவீங்களோ, தோத்தாலும் அதே எழுத்துல எழுதணும். ஒரு கதவு பூட்டியிருக்குன்னு தெரிஞ்சா, பின்னாடி வர்றவங்க அடுத்த கதவைத் தட்டுவாங்க. நாம சொல்லாம விட்டா, பூட்டின கதவுலயே எத்தனை பேரு தலையை முட்டிக்குவாங்க?"

மூச்சு வாங்கியது. பேக்கரிக்காரர் போதும் என்று சைகை காட்டினார். ஆனாலும் அம்மையார் பிடித்திருந்த என் கையை விடவில்லை. "நிறுத்த மட்டும் விடாதீங்க" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தைகள் அவை.

நிறுத்த விடுவோமா? இந்த மண்டபத்தில் இருக்கிற ஒருவராவது விடுவோமா?

பெரிய ஆய்வு வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது. தள்ளிவைக்கலாமா என்று இயக்குநர் பெருந்தன்மையோடு கேட்டார். வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். துக்கம் கொண்டாட அவர் எங்களுக்கு விடுப்பு கொடுத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவருடைய இடத்தை ஏற்கும் இளம் மருத்துவர் இதோ மேடையோரம் நிற்கிறார். பயமாக இருக்கிறது என்றார் என்னிடம். பயம் நல்லது, டாக்டர். இந்த வேலையில் பயமில்லாதவன்தான் ஊருக்கு ஆபத்து.

பேக்கரிக்காரரே, உங்கள் வீட்டு விளக்கை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இத்தனை வருடம் கடன் கொடுத்தீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குச் சொல் இல்லை. தோள் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் சாய்ந்துகொள்ளுங்கள். அண்ணனே, தலையை நிமிர்த்துங்கள். தங்கை திருத்தினாள் என்று ஊர் சொல்லும். தங்கையின் சொல்லைக் கேட்டு மண்ணில் இறங்கிய மனசு எத்தனை அண்ணன்களுக்கு உண்டு என்று நான் கேட்பேன். உங்கள் அடுத்த விளைச்சலுக்குக் காத்திருக்கிறோம். சோதித்துத்தான் வாங்குவோம்!

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். முடியாதவர்கள் உட்கார்ந்தே இருங்கள். உங்கள் கால்களின் அருமை அவருக்குத் தெரியும். அவரை மனசில் நிறுத்தி, இந்த மண்டபம் சாட்சியாக நாங்கள் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் கையிலிருந்து சோதிக்கப்படாத ஓர் இலைகூட ஒரு நோயாளியின் வாய்க்குப் போகாது. எவ்வளவு பெரிய விலை பேசினாலும், எவ்வளவு நெருங்கிய உறவு வந்து நின்றாலும் போகாது. கொடி வென்றால் இதே மேடையில் நின்று சொல்வோம். அடுத்த நாளே அது ஏழைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கப் போராடுவோம். கொடி தோற்றால், அதையும் இதே மேடையில், இதே ஒலிபெருக்கியில், தொண்டை கம்மாமல் சொல்வோம். சொல்லிவிட்டு அடுத்த செடியைத் தேடிக் கிளம்புவோம். வெற்றி கிடைக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுக்க முடியும்.

கொடுக்கிறோம்!